அமெரிக்காவில் வங்கி மீது வழக்கா? முதலில் வங்கியின் சொந்த ஊரைக் கண்டுபிடியுங்கள்

கலிஃபோர்னியாவில் வசித்த ஒரு தம்பதி, வீட்டுக் கடன் தகராறில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மீது அந்த மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வங்கி அந்த வழக்கை ஃபெடரல் (மத்திய) நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. "நாங்களும் கலிஃபோர்னியா, வங்கியும் கலிஃபோர்னியா, அப்படியிருக்க ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இங்கே என்ன வேலை?" என்ற வாதம் கேட்பவர் யாருக்கும் நியாயமாகவே படும். வெல்ஸ் ஃபார்கோ என்றாலே சான் ஃபிரான்சிஸ்கோதான். 1852-இல் அங்கே கடை திறந்த பெயர் அது.

ஆனால் கலிஃபோர்னியாவும் அடங்கிய வட்டாரத்துக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதாவது 9-ஆவது சர்க்யூட், 2014-இல் வேறு பதில் சொன்னது. வெல்ஸ் ஃபார்கோ பேங்க் கலிஃபோர்னியாவின் குடிமகன் இல்லை, தெற்கு டகோட்டாவின் குடிமகன் மட்டுமே என்றது. வங்கியின் அமைப்பு விதிகளில் முதன்மை அலுவலகம் என்று எழுதியிருப்பது அங்குள்ள சூ ஃபால்ஸ் நகரம். 'ரௌஸ் எதிர் வக்கோவியா மார்ட்கேஜ்' (வக்கோவியா வெல்ஸ் ஃபார்கோவில் கலந்துவிட்ட நிறுவனம்) என்ற இந்தத் தீர்ப்பில் ஒரு நீதிபதி மாறுபட்டார். பெரும்பான்மை வென்றது.

நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்போம். இப்போது எங்கே இருக்கிறீர்கள்? அப்புறம், சொந்த ஊர் எது? வங்கிக்கும் இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் வங்கிக்குச் சொந்த ஊர் ஒன்றுதான், அது பெரும்பாலும் நீங்கள் நினைக்கும் ஊராக இருக்காது. அமெரிக்காவில் வங்கியோடு வழக்காடும் தமிழர்களுக்கும், சட்டம் படிப்பவர்களுக்கும், சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வழக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் நண்பர்களுக்கும், அந்த ஊரைக் கண்டுபிடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் சொந்த வழக்குக்கு வழக்கறிஞரைப் பார்த்தே ஆகவேண்டும். அவரிடம் போகும் முன் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்பதற்கு இது உதவும்.

எதற்காக இந்தக் கேள்வி?

அமெரிக்காவின் ஃபெடரல் நீதிமன்றங்கள் எல்லா வழக்கையும் எடுத்துக்கொள்வதில்லை. அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு பட்டியலிட்ட வகைகளுக்குள் வந்தால்தான் உள்ளே போக முடியும். அவற்றில் ஒன்று, வெவ்வேறு மாநிலக் குடிமக்களுக்கு இடையிலான வழக்கு. இதற்குத்தான் டைவர்சிட்டி அதிகாரவரம்பு என்று பெயர். வெளியூர்க்காரருக்கு உள்ளூர் நீதிமன்றம் ஓரவஞ்சனை செய்துவிடக்கூடாது என்ற பயத்தில் பிறந்த ஏற்பாடு. 1789-இல் முதல் நீதித்துறைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. இன்று இதன் விதிகள் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பு, பிரிவு 1332-இல் உள்ளன.

அதில் ஒரு கறாரான நிபந்தனை உண்டு. 1806-இல் 'ஸ்ட்ராபிரிட்ஜ் எதிர் கர்டிஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது அது: வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலமாக இருந்தாலே போதும், கதவு மூடிவிடும். பத்துப் பேரில் ஒருவர் பொருந்தினாலும் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அதிகாரவரம்பு இல்லாத இடத்தில் இரண்டு தரப்பும் சம்மதித்தால்கூட அதை உண்டாக்க முடியாது. யாரும் ஆட்சேபிக்காமல் வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, மேல்முறையீடு வரை போன பிறகும் "இதை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லையே" என்ற கேள்வி எழலாம். எழுந்தால் எல்லாம் முதலிலிருந்து. பல வருடச் செலவும் உழைப்பும் ஒரு வரி விவரம் தவறியதால் கரைந்துபோகும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: டைவர்சிட்டி தேவையா, தொகை இருக்கிறதா?

வழக்கு ஃபெடரல் சட்டத்தின் அடிப்படையிலேயே எழுந்தால் யார் எந்த மாநிலம் என்ற கேள்விக்கே இடமில்லை. கடன் விவரம் மறைத்தது, கிரெடிட் அறிக்கையில் தவறு, மின்னணுப் பணப்பரிமாற்றத்தில் பிழை போன்றவற்றுக்குத் தனித்தனி ஃபெடரல் சட்டங்கள் உள்ளன. ஒப்பந்த மீறல், மோசடி, அலட்சியம் என்று மாநிலச் சட்டத்தை மட்டும் நம்பும் வழக்குக்குத்தான் டைவர்சிட்டி தேவை.

தகராறில் உள்ள தொகை வட்டியும் வழக்குச் செலவும் நீங்கலாக 75,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். சரியாக 75,000 என்றால் போதாது. வீட்டை ஏலம் விடுவதைத் தடுக்கக் கோரும் வழக்குகளில் பல நீதிமன்றங்கள் வீட்டின் மதிப்பையோ கடனின் அளவையோ பார்க்கின்றன, ஆகவே இந்தத் தடையை அவை எளிதில் தாண்டிவிடும்.

படி 2: உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள்

வங்கியைத் தோண்டும் முன் உங்கள் நிலையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து போன நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

அமெரிக்கக் குடிமகன் என்றால், நிரந்தர வாழ்விடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக் குடிமகன். நிரந்தர வாழ்விடம் என்பது இன்று தங்கியிருக்கும் முகவரி இல்லை. 'இதுதான் என் இடம், எங்கே போனாலும் இங்கேதான் திரும்புவேன்' என்ற எண்ணத்தோடு வாழும் இடம்.

எச்-1பி விசாவில் இருக்கும் இந்தியக் குடிமகன் எந்த மாநிலத்துக்கும் குடிமகன் இல்லை, சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டுக் குடிமகன். அயல்நாட்டவருக்கும் ஒரு மாநிலக் குடிமகனுக்கும் இடையிலான வழக்கையும் பிரிவு 1332 அனுமதிக்கிறது. ஆக, அவர் எந்த மாநிலத்தில் வேலை பார்த்தாலும் ஓர் அமெரிக்க வங்கியோடு டைவர்சிட்டி இருக்கும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நிரந்தரமாகத் தங்கும் இந்த அனுமதி பெற்றவரும் எதிர்த்தரப்பும் ஒரே மாநிலம் என்றால் டைவர்சிட்டி கிடையாது. 2011-இல் திருத்திய சட்டம் இப்படிச் சொல்கிறது. வட கரோலினாவின் சார்லட்டில் வசிக்கும் கிரீன் கார்டு நண்பர் அதே மாநில வங்கியான பேங்க் ஆஃப் அமெரிக்கா மீது வழக்குப் போட்டால் இந்த வழி அடைபடும். அவரே டெக்சாஸில் நிரந்தரமாக இருந்தால் திறந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட ஆச்சரியமான நிலை, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு நிரந்தரமாகச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டவருடையது. அவர் அமெரிக்கக் குடிமகன்தான், ஆனால் எந்த மாநிலத்திலும் வாழ்விடம் இல்லை. அயல்நாட்டுக் குடிமகனும் இல்லை. வெனிசுவேலாவின் கராகாஸில் குடியிருந்த ஓர் அமெரிக்கரைப் பற்றி 1989-இல் 'நியூமன்-கிரீன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மாநிலமற்றவராகிவிட்ட அவருக்கு டைவர்சிட்டி கதவு எந்தப் பக்கமும் திறக்காது. வழக்கில் அவர் ஒருவர் சேர்ந்திருந்தாலும் மொத்தமும் கெடும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு ஊருக்கு வந்திருப்பவர் கவலைப்பட வேண்டாம், திரும்பிப்போகும் எண்ணம் இருக்கும்வரை அவருடைய வாழ்விடம் மாறாது.

உங்கள் பக்கம் எல்.எல்.சி. (பொறுப்பு வரையறுத்த) நிறுவனமோ கூட்டாண்மையோ இருந்தால் அதன் உறுப்பினர்கள் அத்தனை பேரின் குடியுரிமையும் கணக்கில் வரும். கூட்டாண்மைகளுக்கு 1990-இல் 'கார்டன் எதிர் ஆர்கோமா' வழக்கில் உறுதியான விதி, எல்.எல்.சி.க்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு சின்ன உணவகத்தின் எல்.எல்.சி.யில் பங்கு வைத்திருக்கும் மைத்துனர் எந்த மாநிலம் என்பதுகூடத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: வங்கியின் முழுப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்

பலகையில் 'வெல்ஸ் ஃபார்கோ' என்று இருக்கும், 'சேஸ்' என்று இருக்கும். அந்தப் பெயரில் வழக்குப் போட முடியாது. கடன் பத்திரத்திலோ கணக்கு ஒப்பந்தத்திலோ உள்ள முழுப் பெயரைத் தேடுங்கள். பெயரில் இருக்கும் ஒரு சின்னச் சொல்லில் எல்லாம் மாறிவிடும்.

வெல்ஸ் ஃபார்கோ பேங்க், என்.ஏ. (நேஷனல் அசோசியேஷன்) என்பது வங்கி. வெல்ஸ் ஃபார்கோ அண்ட் கம்பெனி என்பது அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் தாய் நிறுவனம். தாய் நிறுவனம் டெலவேர் மாநிலத்தில் பதிவான சாதாரண கார்ப்பரேஷன், தலைமையகம் சான் ஃபிரான்சிஸ்கோ என்றே வழக்குகளில் வந்திருக்கிறது. எனவே அது டெலவேர், கலிஃபோர்னியா இரண்டுக்கும் குடிமகன். வங்கியோ தெற்கு டகோட்டா. ஒரு கலிஃபோர்னியாக்காரர் வங்கி மீது மட்டும் வழக்குப் போட்டால் டைவர்சிட்டி உண்டு, தாய் நிறுவனத்தையும் சேர்த்தால் இல்லை. ஜே.பி. மார்கன் சேஸிலும் இதே கதை. தாய் நிறுவனம் டெலவேரும் நியூயார்க்கும், ஆனால் ஜே.பி. மார்கன் சேஸ் பேங்க், என்.ஏ.யின் முதன்மை அலுவலகம் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ். மன்ஹாட்டனில் வானளாவி நிற்கும் வங்கி சட்டத்துக்கு ஒஹாயோக்காரர்!

ஒரு எச்சரிக்கை: டைவர்சிட்டியை உடைப்பதற்காகவே சம்பந்தமில்லாத தாய் நிறுவனத்தையோ உள்ளூர்க் கிளை மேலாளரையோ பிரதிவாதியாகச் சேர்ப்பது பழைய தந்திரம். அவர் மீது உண்மையில் எந்த வழக்கும் நிற்காது என்று வங்கி காட்டிவிட்டால், அது போலிச் சேர்க்கை என்று நீதிமன்றம் அவரை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்க்கும். மேலாளர் உண்மையிலேயே உங்களிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அவரைச் சேர்ப்பதில் தவறே இல்லை. அவர் என்ன சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்று மனுவில் எழுதுங்கள்.

படி 4: பட்டயம் யார் கொடுத்தது?

வங்கியின் சொந்த ஊரை முடிவு செய்வது அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தவர் யார் என்பதுதான். சார்ட்டர் எனப்படும் பட்டயத்தை மாநில அரசு கொடுத்திருந்தால் அது மாநில வங்கி. வாஷிங்டனில் உள்ள ஓ.சி.சி. என்ற நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் கொடுத்திருந்தால் அது தேசிய வங்கி, அல்லது ஃபெடரல் சேமிப்பு நிறுவனம். தேசிய வங்கியைப் பெயரிலேயே அடையாளம் காணலாம்: 'நேஷனல்' என்ற சொல்லோ 'என்.ஏ.' என்ற எழுத்துகளோ இருக்கும். எஃப்.எஸ்.பி. என்று முடிந்தால் ஃபெடரல் சேமிப்பு வங்கி. சந்தேகம் இருந்தால் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகமான எஃப்.டி.ஐ.சி.யின் இணையதளத்தில் உள்ள வங்கித் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால் பட்டய வகை வந்துவிடும்.

மாநில வங்கி என்றால் வேலை சுலபம். மற்ற எல்லா கார்ப்பரேஷனைப் போல, பதிவான மாநிலம் ஒன்று, முதன்மை வணிக இடம் உள்ள மாநிலம் ஒன்று என இரண்டுக்கும் அது குடிமகன். முதன்மை வணிக இடம் என்பது உயர் அதிகாரிகள் இருந்து நிறுவனத்தை நடத்தும் இடம். 2010-இல் 'ஹெர்ட்ஸ் எதிர் ஃபிரெண்ட்' தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை 'நரம்பு மையம்' என்று அழைத்தது. ட்ரூயிஸ்ட் பேங்க் வட கரோலினாப் பட்டயம், தலைமையகமும் சார்லட், ஆக ஒரே மாநிலம். பேங்க் ஆஃப் நியூயார்க் மெலன் நியூயார்க் மாநிலப் பட்டயம். பெரிய வங்கி என்றால் தேசிய வங்கியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 5: தேசிய வங்கி என்றால் அமைப்பு விதிகளைப் பாருங்கள்

சிக்கலின் மையம் இதுதான், கொஞ்சம் வரலாற்றோடு சொன்னால் மறக்காது.

1809-இல் ஒரு வங்கியை வைத்தே இந்தக் கேள்வி முதலில் எழுந்தது. ஜார்ஜியா மாநிலம் பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸின் சவான்னா கிளைக்கு வரி போட்டது. வங்கி கட்ட மறுத்தது. வரி அதிகாரிகள் உள்ளே போய் வெள்ளி நாணயங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வங்கி அவர்கள் மீது ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது, "வங்கி எப்படிக் குடிமகன் ஆகும்? அதற்கு உயிரா இருக்கிறது?" என்ற கேள்வி வந்தது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வங்கிக்குப் பின்னால் இருக்கும் பங்குதாரர்களைப் பாருங்கள், அவர்கள் எந்த மாநிலமோ அதுதான் கணக்கு என்றார். 'டெவோ' வழக்கு என்று பெயர். பங்குதாரர்கள் பெருகப் பெருக இது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 1844-இல் 'லெட்சன்' வழக்கில், பதிவான மாநிலத்தின் குடிமகனாகவே கார்ப்பரேஷனைக் கொள்ளலாம் என்று நீதிமன்றம் மாறியது. முதன்மை வணிக இடம் என்ற இரண்டாவது மாநிலத்தை நாடாளுமன்றம் 1958-இல்தான் சேர்த்தது.

இதற்கிடையே உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863, 1864 சட்டங்களால் தேசிய வங்கிகள் பிறந்தன. அவை எந்த மாநிலத்திலும் பதிவானவை இல்லையே, அப்படியானால் எந்த ஊர்? முதலில் இந்தக் கேள்விக்கே அவசியம் இருக்கவில்லை. ஃபெடரல் பட்டயம் என்ற ஒரே காரணத்தால் அவை ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 1882-இல் நாடாளுமன்றம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. 1887-இல், தேசிய வங்கிகள் அவை அமைந்துள்ள மாநிலங்களின் குடிமக்களாகக் கருதப்படும் என்று எழுதியது. அந்த வாசகம் இன்று 28-ஆம் தலைப்பின் பிரிவு 1348-இல் இருக்கிறது.

'அமைந்துள்ள' என்ற ஒரு சொல்தான் பின்னால் இவ்வளவு பெரிய சண்டையைக் கிளப்பியது. அந்தக் காலத்தில் தேசிய வங்கிக்குப் பெரும்பாலும் ஒரு ஊர், ஒரு கட்டடம். 1994-இல் ரீகல்-நீல் சட்டம் மாநில எல்லை தாண்டிக் கிளை திறக்கும் வழியை அகலமாகத் திறந்துவிட்டது. நாற்பது மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் வங்கி எங்கே 'அமைந்திருக்கிறது'? நாற்பதிலுமா?

ஆம், கிளை உள்ள எல்லா மாநிலத்திலும்தான் என்று 4-ஆவது சர்க்யூட் சொன்னது. தெற்கு கரோலினாவைச் சேர்ந்த சிலர், வரி தவிர்க்கும் ஒரு முறையற்ற திட்டத்தில் தங்களை ஏமாற்றிச் சேர்த்துவிட்டதாக வக்கோவியா வங்கி மீது மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். தகராறை நடுவர் தீர்ப்புக்கு அனுப்பக் கோரி வக்கோவியா ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. வங்கியின் முதன்மை அலுவலகம் வட கரோலினாவின் சார்லட், கிளைகள் தெற்கு கரோலினாவிலும் இருந்தன. மாவட்ட நீதிமன்றம் கோரிக்கையின் தகுதியைப் பார்த்தே மறுத்தது. மேல்முறையீட்டில்தான், கிளை இருப்பதால் வங்கியும் தெற்கு கரோலினாக் குடிமகன், ஆகவே அதிகாரவரம்பே இல்லை என்று அத்தனையும் ரத்தானது.

2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. 'வக்கோவியா பேங்க் எதிர் ஷ்மிட்' தீர்ப்பை நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். நீதிபதி தாமஸ் பங்கேற்கவில்லை, மற்ற எட்டுப் பேரும் ஒரே கருத்து. தேசிய வங்கி, தன் அமைப்பு விதிகளில் குறிப்பிட்ட முதன்மை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் குடிமகன். கிளைகளுக்குக் கணக்கில் இடமில்லை.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 1977-இல் 'பூகாஸ்' வழக்கில் இதே சொல்லுக்குக் கிளை உள்ள இடமும் சேரும் என்று உச்ச நீதிமன்றமே பொருள் சொல்லியிருந்தது. அப்படியானால் இப்போது ஏன் மாற்ற வேண்டும்? கின்ஸ்பர்க்கின் பதில், அது பச்சோந்திச் சொல், இடத்துக்கு இடம் நிறம் மாறும் என்பது. அந்தப் பழைய வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நடத்துவது என்ற வசதி பற்றியது, தரப்பினர் விட்டுக்கொடுத்தால் போயிற்று. அதிகாரவரம்பு அப்படி விட்டுக்கொடுக்கக் கூடியதில்லை. இன்னொரு வலுவான காரணமும் சொன்னார். மாநில வங்கிக்கு அதிகபட்சம் இரண்டு மாநிலம், தேசிய வங்கிக்கு மட்டும் நாற்பது என்றால், ஒரே தொழில் செய்யும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கதவைச் சாத்துவதாகும். இந்த வாதம் சரியென்றே நினைக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. முதன்மை அலுவலகம் ஒரு மாநிலம், உண்மையில் வங்கியை நடத்தும் இடம் வேறு மாநிலம் என்றால், இரண்டுக்கும் குடிமகனா? வக்கோவியாவுக்கு இரண்டும் ஒரே மாநிலம் என்பதால் அந்த வழக்கில் இதற்கு விடை தேவைப்படவில்லை. அடுத்தடுத்து 8-ஆவது சர்க்யூட் 2011-இல் 'வெல்ஸ் ஃபார்கோ எதிர் டபிள்யூ.எம்.ஆர். இ-பின்' வழக்கிலும், 9-ஆவது சர்க்யூட் 2014-இல் நாம் தொடக்கத்தில் பார்த்த வழக்கிலும், 2-ஆவது சர்க்யூட் 2016-இல் 'ஒன்வெஸ்ட் பேங்க் எதிர் மெலினா' வழக்கிலும் ஒரே பதில் சொன்னன: முதன்மை அலுவலகம் மட்டுமே. 1948-இல் பிரிவு 1348 இன்றைய வடிவத்துக்கு வந்தபோது, முதன்மை வணிக இடம் என்ற கருத்து இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 1958-இல் அதைச் சேர்த்த நாடாளுமன்றம் பிரிவு 1332-இல் சேர்த்தது, 1348-ஐத் தொடவில்லை. தொடாததை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது என்பது காரணம்.

எதிர்வாதமும் லேசானதில்லை. கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்து, அங்கேயே முடிவெடுக்கும் ஒரு வங்கி, அதே மாநிலத்துக் குடும்பத்துக்கு எதிராக 'நான் வெளியூர்க்காரன், எனக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்று சொல்வது அந்த ஏற்பாட்டின் நோக்கத்துக்கே முரண். மாறுபட்ட நீதிபதியின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று வழக்குப் போடுபவர் பெரும்பான்மையை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும்.

நடைமுறையில் சிட்டிபேங்க், என்.ஏ.வும் சூ ஃபால்ஸ். பேங்க் ஆஃப் அமெரிக்கா, என்.ஏ. சார்லட். பிட்ஸ்பர்க் நகரத்தோடு பெயர் பிணைந்துபோன பி.என்.சி. பேங்க், என்.ஏ.யின் முதன்மை அலுவலகம் டெலவேரின் வில்மிங்டன். தேசிய வங்கிகளின் பட்டியலை ஓ.சி.சி. தன் இணையதளத்தில் ஊர், மாநிலத்தோடு வெளியிடுகிறது. அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் அமைப்பு விதிகளின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

படி 6: மற்ற வகை நிறுவனங்கள்

ஃபெடரல் சேமிப்பு நிறுவனத்துக்கு நாடாளுமன்றமே 2006-இல் தெளிவாக எழுதிவிட்டது. ஹோம் ஆபீஸ் எனப்படும் அதன் தலைமை அலுவலகம் உள்ள மாநிலத்துக்கு மட்டும் குடிமகன்.

ஃபெடரல் கிரெடிட் யூனியனுக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2020-இல் நேவி ஃபெடரல் கிரெடிட் யூனியன் வழக்கில் 4-ஆவது சர்க்யூட், முதன்மை வணிக இடம் உள்ள வர்ஜீனியாவின் குடிமகன் என்று ஏற்றது. எல்லா சர்க்யூட்டும் இதைப் பின்பற்றும் என்று எண்ணிவிடக் கூடாது.

வெளிநாட்டு வங்கி, நியூயார்க்கில் கிளை வைத்திருப்பதால் நியூயார்க்காரர் ஆகிவிடாது. இந்தியாவில் பதிவான தனியார் வங்கி என்றால் அது இந்தியக் குடிமகன். எச்-1பி விசாவில் உள்ள இந்தியர் அதன் மீது வழக்குப் போட்டால் இரண்டு பக்கமும் அயல்நாட்டவர், டைவர்சிட்டி இல்லை. ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் கதை வேறு. பெரும்பான்மைப் பங்கு இந்திய அரசிடம் நேரடியாக இருப்பதால் அது அயல்நாட்டு அரசின் அங்கமாகக் கருதப்பட்டு, அயல்நாட்டு இறையாண்மை விலக்குச் சட்டத்தின் கீழ் வரும். ஆனால் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா (கலிஃபோர்னியா) என்பது அந்த மாநிலப் பட்டயம் பெற்ற தனித் துணை நிறுவனம். அதன் பங்கை அரசு நேரடியாக வைத்திருக்கவில்லை, தாய் வங்கிதான் வைத்திருக்கிறது. அரசு நேரடியாகப் பங்கு வைத்திருந்தால்தான் அந்தத் தகுதி என்று 2003-இல் 'டோல் ஃபுட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இதைக் கலிஃபோர்னியா நிறுவனமாகவே பார்க்க வேண்டும். ஒரே பெயர்ப்பலகை, இரண்டு வேறு ஊர்.

வீட்டுக் கடன் வழக்குகளில் பிரதிவாதியின் பெயர் 'இன்ன அறக்கட்டளையின் டிரஸ்டி என்ற நிலையில் இன்ன வங்கி' என்று நீளமாக வரும். கடன்களை மூட்டையாகக் கட்டி விற்றதன் விளைவு இது. அறக்கட்டளையில் முதலீடு செய்த ஆயிரம் பேரையும் தேடிப்போக வேண்டுமா? சொத்தை உண்மையில் நிர்வகிக்கும் அதிகாரம் உள்ள டிரஸ்டி தன் பெயரில் வழக்காடினால் டிரஸ்டியின் குடியுரிமை போதும் என்று 1980-இல் 'நவாரோ' வழக்கு சொல்கிறது. அதனால் டிரஸ்டி வங்கிக்கு மேலே சொன்ன படிகளைப் பொருத்துங்கள்.

வங்கி திவாலாகி எஃப்.டி.ஐ.சி. பொறுப்பேற்றுவிட்டால் இந்த ஆராய்ச்சி அநேகமாகத் தேவையில்லை. அது தரப்பாக உள்ள வழக்குகள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஃபெடரல் சட்டத்தின் கீழ் எழுந்தவையாகவே கருதப்படும்.

படி 7: ரிமூவலும் ரிமாண்டும், நாள்காட்டியோடு

நீங்கள் மாநில நீதிமன்றத்தில் போட்ட வழக்கை வங்கி ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றுவது ரிமூவல். அதைத் திருப்பி அனுப்பக் கோருவது ரிமாண்ட். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் சிறைதான் நினைவுக்கு வரும், இங்கே வழக்குக்கு மட்டும்தான் பயணம்.

முறைப்படி சம்மன் கிடைத்ததிலிருந்து வங்கிக்கு 30 நாள். டைவர்சிட்டி வழக்கில், வழக்கு தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டால் பொதுவாக மாற்ற முடியாது, வாதி கெட்ட எண்ணத்தோடு தடுத்திருந்தால் தவிர.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு விதி: பிரதிவாதி, வழக்குப் போட்ட மாநிலத்தின் குடிமகனாகவே இருந்து, அவருக்குச் சம்மனும் சேர்ந்துவிட்டால், டைவர்சிட்டியைக் காட்டி வழக்கை மாற்ற முடியாது. கென்டக்கிக்காரர் ஒருவர் ஜே.பி. மார்கன் சேஸ் பேங்க் மீது ஒஹாயோ மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் அது அங்கேயே நிற்கும். நெவாடாக்காரர் வெல்ஸ் ஃபார்கோ பேங்க் மீது கலிஃபோர்னியாவில் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, ஏனென்றால் வங்கி கலிஃபோர்னியாக்காரர் இல்லையே.

இதுபோன்ற நடைமுறைக் குறைகளைக் காட்டி ரிமாண்ட் கேட்க உங்களுக்கு 30 நாள்தான். தவறவிட்டால் பெரும்பாலான சர்க்யூட்களில் போனது போனதுதான். அதிகாரவரம்பே இல்லை என்ற ஆட்சேபத்தை மட்டும் வழக்கு முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். மாற்றியது சரி என்று நிரூபிக்கும் பாரம் வங்கியுடையது.

படி 8: எழுதும்போது

'பிரதிவாதி தெற்கு டகோட்டா வங்கி' என்று மட்டும் எழுதினால் போதாது. 'எங்களுக்குத் தெரிந்தவரை வேறு மாநிலம்' என்பது இன்னும் மோசம். இப்படி இருக்க வேண்டும்: வெல்ஸ் ஃபார்கோ பேங்க், என்.ஏ. ஒரு தேசிய வங்கி. அமைப்பு விதிகளின்படி அதன் முதன்மை அலுவலகம் தெற்கு டகோட்டா மாநிலம் சூ ஃபால்ஸில் உள்ளது. எனவே 28-ஆம் தலைப்பு, பிரிவு 1348-இன்படி அது தெற்கு டகோட்டாவின் குடிமகன். உங்கள் பக்கத்துக்கு 'வசிக்கிறார்' என்று எழுதாமல் 'குடிமகன்', 'நிரந்தர வாழ்விடம்' என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். 'வசிக்கிறார்' என்று எழுதிவிட்டுத் திருத்த மனுப் போட்டவர்கள் ஏராளம். விவரம் உண்மையாக இருந்து எழுத்தில் மட்டும் குறை என்றால் மேல்முறையீட்டில்கூடத் திருத்தலாம், பிரிவு 1653 அனுமதிக்கிறது.

2022 டிசம்பர் 1 முதல் ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 7.1 மாறியிருக்கிறது. டைவர்சிட்டி வழக்கில் ஒவ்வொரு தரப்பும் தன் குடியுரிமையை எழுத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். வங்கியின் அறிக்கை வந்ததும் நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. குடியுரிமை கணக்கிடப்படுவது வழக்குத் தாக்கல் செய்த நாளன்று இருந்த நிலையை வைத்து. ரிமூவல் என்றால் மாற்றிய நாளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வங்கிகள் இணைகின்றன, பட்டயம் மாற்றிக்கொள்கின்றன. 2006-இல் வட கரோலினாக் குடிமகன் என்று உச்ச நீதிமன்றமே சொன்ன வக்கோவியா பேங்க், 2010-இல் வெல்ஸ் ஃபார்கோ பேங்க்கோடு கலந்து தெற்கு டகோட்டாவாகிவிட்டது. போன வருடத்து மனுவிலிருந்து நகலெடுக்காமல், தாக்கல் செய்யும் நாள் காலையில் ஓ.சி.சி. பட்டியலை இன்னொரு முறை திறந்து, அன்றைய தேதியோடு ஒரு பிரதி எடுத்துக் கோப்பில் வையுங்கள்.